ஆண்டின் காடி: ஒட்டுக்கடையில் ஐந்து நடுவர்கள், 125 புள்ளிகள்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025இல் மலேசியச் சந்தைக்கு வந்த கார்களில் (எங்கள் பேச்சில் காடிகளில்) ஆண்டின் விருதுக்குத் தகுதியானது உள்நாட்டுக் கம்பெனியான புரோட்டோனின் புதிய சாகா. இப்படிச் சொன்னதற்காக என் அக்காள் மகள் எனக்குப் 'பழைய இரும்புச் சின்னம்மா' என்று பெயர் வைத்திருக்கிறாள். வைக்கட்டும். அவள் தரப்பையும் ஒழுங்காக எழுதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பெஸ்தாரி ஜெயா. பெயர் மாறியது 2007இல். பெரியவர்களுக்கு இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை (பாமாயில் தரும் பனை) நட்டது 1917இல், இங்கே தென்னமரம் தோட்டத்தில். அந்தச் செம்பனைதான் சுற்றி வளைத்து எனக்கும் சோறு போடுகிறது. குலை ஏற்றிய லோரி சாலையை உடைக்கிறது, சாலை காடியின் அப்சோபரை உடைக்கிறது, காடிக்காரர் என் கடைக்கு வருகிறார். கணவருக்குப் பட்டறை, எனக்கு அதை ஒட்டிய ஸ்பேர் பார்ட்ஸ் கடை. எந்தக் காடி எத்தனையாவது ஆண்டில் எந்தச் சாமானைக் கேட்கும் என்பதைக் கார் நிறுவனத்தின் விளம்பரத்தைவிட என் கணக்குப் புத்தகம் சரியாகச் சொல்லும். ஒரு காலத்தில் ஒரு கம்பெனியின் கதவுக் கண்ணாடி மோட்டாரை மட்டுமே விற்று மகனைக் கல்லூரியில் சேர்த்துவிடலாம் என்ற நிலை இருந்தது. பெயர் வேண்டாம்.

பட்டறைக்கு எதிரே ஓர் ஒட்டுக்கடை, சாலையோரச் சாப்பாட்டுக்கடை. டிசம்பர் பிறந்துவிட்டால் அங்கே பேச்சு ஒன்றுதான்: இந்த ஆண்டு வந்ததில் எது காடி? வெறும் வாய்ச்சண்டையாக இருந்ததை முறைப்படுத்தியவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். அவருக்குக் காரும் பைத்தியம், விதிமுறையும் பைத்தியம். ஐரோப்பாவில் 1964 முதல் கொடுத்துவரும் 'ஆண்டின் கார்' விருதின் சட்டதிட்டத்தைப் படித்துவிட்டு வந்து எங்களுக்கு விளக்கினார். அங்கே நடுவர்கள் எல்லாரும் மோட்டார் செய்தியாளர்கள். ஒவ்வொருவர் கையிலும் 25 புள்ளி. ஒரே காருக்கு 10க்கு மேல் போடக்கூடாது. முதலிடத்தை இரண்டு கார்களுக்குப் பங்கு போடக்கூடாது. புள்ளி போட்டதற்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்தப் பத்துப் புள்ளி வரம்பு எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்பது எங்கள் கடையில் நடைமுறைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. பிடித்த காடிக்கே மொத்தத்தையும் கொட்டிவிட முடியாது. பிடிக்காததற்கும் ஏதாவது கொடுத்தாக வேண்டும். குலை லோரி ஓட்டிய மாமா, மின்சாரக் காடி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர், சாகாவுக்குப் பத்தும் பெரோடுவா டிராஸுக்கு ஏழும் போட்டுவிட்டுக் கையில் எட்டுப் புள்ளியை வைத்துக்கொண்டு தவித்ததைப் பார்க்க வேண்டுமே. மீதி இரண்டும் மின்சாரக் காடிகள். "இதைப் பிறகு வேறு யாருக்காவது கொடுக்கலாமா?" என்று கேட்டார். கூடாது என்றார் தலைமையாசிரியர்.

நடுவர்கள் ஐவர்: மாமா, தலைமையாசிரியர், என் கணவர், சுங்கை பூலோ மருத்துவமனையில் தாதியாக இருக்கும் என் அக்காள் மகள், நான். போட்டியில் நான்கு கார்கள்: புரோட்டோனின் சாகாவும் இ.மாஸ் 5உம், இன்னோர் உள்நாட்டுக் கம்பெனியான பெரோடுவாவின் டிராஸும் கியூவி-இயும். பணக்கார வண்டிகளைச் சேர்க்கவில்லை. எங்கள் ஊரில் அவற்றைக் கல்யாண ஊர்வலத்தில் மட்டும்தான் பார்க்கிறோம்.

பெரோடுவாவின் டிராஸை விரைவாக முடித்துவிடலாம். டிசம்பரில் வந்தது. டொயோட்டா யாரிஸ் கிராஸின் உடன்பிறப்பு, 1.5 லிட்டர் என்ஜின், இரண்டு ரகம், 76,100 ரிங்கிட்டிலும் 81,100 ரிங்கிட்டிலும். நல்ல காடி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதே கம்பெனியின் மைவி, அல்சா வைத்திருந்து அடுத்த படிக்குப் போக நினைப்பவருக்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் விவாதமே எழவில்லை. எழாத விவாதத்துக்கு விருது எப்படிக் கொடுப்பது?

கியூவி-இ கதை வேறு. பெரோடுவாவின் முதல் மின்சாரக் கார் அது. எங்கள் பக்கத்துப் பையன்கள் வேலைக்குப் போகும் ரவாங், சுங்கை சோ ஆலைக்காரர்களின் தயாரிப்பு என்பதால் கடையில் பெருமையும் கொஞ்சம் கலந்திருந்தது. 52.5 கிலோவாட்மணி பேட்டரி, 204 குதிரைசக்தி. லோரி மாமாகூட அந்த எண்ணைக் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்தார். விலை 80,000 ரிங்கிட் என்றதும் சரி என்று தலையாட்டினார். பேட்டரி அதில் சேராது, மாதம் 275 ரிங்கிட் வாடகை, ஒன்பது ஆண்டுகள் கட்ட வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லி முடித்தபோது மாமா எழுந்தே நின்றுவிட்டார்.

"மாட்டை விற்றுவிட்டு மடிக்கு மாதவாடகை கேட்கிறானா?"

தலைமையாசிரியர் பொறுமையாக விளக்கினார். பேட்டரி கெட்டுப்போனால் அது கம்பெனியின் தலைவலி, வாங்கியவரின் தலைவலி அல்ல. பழைய மின்சாரக் காரை வாங்கப் பயப்படுவதே பேட்டரிக்காகத்தானே. அந்தப் பயம் இதில் இல்லை. நியாயமான பேச்சுதான். ஆனால் நான் கல்லாப்பெட்டிக்காரி. 275ஐ 108 மாதங்களால் பெருக்கினேன்: 29,700. காரின் விலையோடு சேர்த்தால் 109,700. அவ்வளவும் கட்டி முடித்த பிறகும் பேட்டரி நம்முடையது ஆகாது. தோட்டத்துச் சனம் இரண்டு தலைமுறை கம்பெனி வீட்டில் இருந்துவிட்டு, வேலை முடிந்த மறுநாளே வீட்டைக் காலி செய்து கொடுத்த சனம். 'நம்முடையது அல்ல' என்ற சொல் எங்கள் காதில் விழுகிற விதமே தனி. நான்கு புள்ளிதான் போட்டேன்.

மீதமிருந்தவை இரண்டு. உண்மையான சண்டை இங்கேதான்.

என் அக்காள் மகளின் வேட்பாளர் புரோட்டோன் இ.மாஸ் 5. அக்டோபர் கடைசியில் வந்தது. சீனத்தில் கீலி நிறுவனம் ஷிங்யுவான் என்ற பெயரில் விற்கும் சின்ன மின்சாரக் கார். இங்கே இரண்டு ரகம்: பிரைம் 59,800 ரிங்கிட், பிரீமியம் 72,800 ரிங்கிட். பிரைமில் 30 கிலோவாட்மணி பேட்டரி, முழுதாக ஏற்றினால் சோதனைக் கணக்குப்படி 225 கிலோமீட்டர். பிரீமியத்தில் 40 கிலோவாட்மணி, 325 கிலோமீட்டர். வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போகவர ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓட்டுகிறாள். வீடு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறது, முன்னால் கார் நிறுத்தும் இடம், சுவரில் மின்செருகி. இரவில் செருகிவிட்டுத் தூங்கினால் அன்று ஓடிய ஓட்டம் காலைக்குள் ஏறிவிடும்.

"பெட்ரோல் நிலையத்தில் வரிசையில் நின்ற நேரத்தையெல்லாம் சேர்த்தால் எனக்கு ஒரு விடுமுறையே கிடைத்திருக்கும், சின்னம்மா. இரவு வேலை முடிந்து வரும்போது டாங்கியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே வயதாகிவிட்டது."

கணக்கும் போட்டு வந்திருந்தாள். மாதம் 26 நாள், 80 கிலோமீட்டர், மொத்தம் 2,080 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் என்று வைத்தால் சுமார் 145 லிட்டர். 2025 செப்டம்பர் 30 முதல் அரசின் புடி மானியத் திட்டத்தில் ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட், ஆக மாதம் 290 ரிங்கிட்டை ஒட்டி. மின்சாரத்தில் அதே ஓட்டத்துக்கு ஏறக்குறையப் பாதி. மாதம் 150 ரிங்கிட் மிச்சம் என்று பேசி முடித்துக்கொண்டோம்.

நான் விட்டேனா? சாகாவின் அடிப்படை ரகம் 38,990. இ.மாஸ் 5 பிரைம் 59,800. இடைவெளி 20,810 ரிங்கிட். மாதம் 150 வீதம் அதை ஈடுகட்ட 138 மாதங்களுக்கு மேல் ஆகும். நம் நாட்டில் கார்க் கடன் நீண்டாலும் ஒன்பது ஆண்டு, அதாவது 108 மாதம். கடன் முடிந்த பிறகும் மிச்சம் கைக்கு வராது.

"நீங்கள் ஏன் என் காரை அடிப்படை ரகத்தோடு ஒப்பிடுகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டாள். "வசதிகளைப் பார்த்தால் சாகா பிரீமியத்தோடு அல்லவா ஒப்பிட வேண்டும்? அது 49,990. இடைவெளி 9,810தான். அறுபத்தாறாவது மாதத்தில் ஈடாகிவிடும். அதற்குப் பிறகு மூன்றரை ஆண்டு எனக்கு லாபம்."

அங்கே எனக்குப் பதில் இல்லை. அவளுக்கு, அவள் ஓட்டத்துக்கு, அவள் வீட்டுச் சுவருக்கு இ.மாஸ் 5 சரியான கார். பூட்டை (சாமான் வைக்கும் இடத்தை)ப் பற்றிய வாதத்திலும் அவளே வென்றாள். சாகாவின் பூட்டு 420 லிட்டர், தீபாவளிக்குப் பொருள் வாங்கிய யாருக்கும் அதன் அருமை தெரியும். இ.மாஸ் 5இன் பின்பூட்டு 375 லிட்டர் என்றதும் மாமா சிரித்தார். முன்னால் பானட்டுக்கு அடியில் இன்னொரு 70 லிட்டர் இருக்கிறது என்றதும் சிரிப்பு நின்றது. "முன்னால் பூட்டா? அப்படியானால் என்ஜின் எங்கே?" இந்தக் கேள்விக்கு அரைமணி நேரம் பதில் சொன்னோம்.

ஆனால் விருது என்பது ஒரு தாதியின் ஒரு வீட்டுக்குக் கொடுப்பதல்லவே. எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் தோட்டத்து லயத்து வீட்டில் இருப்பவர் இருக்கிறார். இரவில் காடி நிற்பது கோயில் திடலில். அடுக்குமாடியில் மூன்றாம் தளத்தில் இருப்பவர் இருக்கிறார். கீழே கம்பி இழுத்துப் போட முடியுமா? இவர்கள் கையில் இருக்கும் முன்பணம் நான்காயிரம். வேலைக்கு ஒரு காடி, அதே காடியில் பிள்ளைகள் பள்ளிக்கு, ஞாயிற்றுக்கிழமை அதே காடியில் பத்துமலைக்கு. நான் புள்ளி போடும்போது இவர்களைத்தான் மனத்தில் வைத்தேன்.

இனி சாகா. நவம்பர் கடைசியில் வந்தது. முதல் சாகா வந்தது 1985 ஜூலையில், மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாக வைத்து. ஆக இது நாற்பதாம் ஆண்டு. தலைமையாசிரியரின் ஆட்சேபம் இதுதான்: இது புதிய காடியே அல்ல. கதவையும் கூரையையும் பாருங்கள், 2016இல் வந்த அதே உருவம். ஐரோப்பிய விருதில் முகம் திருத்திய பழைய மாதிரியைப் பட்டியலிலேயே சேர்க்க மாட்டார்கள். விதிக்கு விதி, சாகா வெளியே.

இந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது. கம்பெனி இதை முற்றிலும் புதியது என்கிறது. காடியைப் பக்கவாட்டில் பார்க்கிற யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அச்சுகளுக்கு இடைப்பட்ட நீளம் முன்புபோல 2,465 மில்லிமீட்டர்தான், ஆகவே பின் இருக்கையில் முழங்காலுக்கு இடம் கூடவில்லை. மூன்று பெரியவர்கள் பின்னால் உட்கார்ந்து ஈப்போ வரை போனால் நடுவில் இருப்பவர் வழியெல்லாம் முருகனைக் கூப்பிடுவார்.

ஆனால் பானட்டைத் திறந்து பாருங்கள். ஆண்டுக்கணக்காக ஓடிய 1.3 லிட்டர் கேம்ப்ரோ என்ஜின் போய்விட்டது. 95 குதிரைசக்தி இருந்த இடத்தில் 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர், 120 குதிரைசக்தி. முறுக்குவிசை 120இலிருந்து 150 நியூட்டன் மீட்டராக ஏறியிருக்கிறது. சாலை வரி எழுபதிலிருந்து தொண்ணூறு ரிங்கிட் ஆகும். அந்த இருபது ரிங்கிட்டை மனமாரக் கொடுக்கலாம். கியர்பெட்டியும் மாறிவிட்டது. பிரீமியம் ரகத்தில், முன்னால் மோதப் போகிறோம் என்றால் தானே பிரேக் பிடிக்கும் வசதி வரை வைத்திருக்கிறார்கள். ஒரு சாகாவில் இதைப் பார்ப்பதற்கு நாற்பது ஆண்டு ஆகியிருக்கிறது என்று வருத்தப்படுவதா, இப்போதாவது வந்ததே என்று மகிழ்வதா தெரியவில்லை. தகரம் பழையது, இயந்திரம் புதியது. பட்டறைக்காரன் மனைவிக்கு எது முக்கியமாகத் தெரியும் என்று கேட்கவும் வேண்டுமா?

ஓட்டிப் பார்க்காமல் புள்ளி போடக்கூடாது என்பதும் விதி. ஆகவே ஒரு காட்சியகத்துக்குப் போனோம். எங்கே என்று சொல்லப் போவதில்லை. கேள்வி கேட்டது நான். பதில் போனது என் கணவருக்கு. எண்ணெய் மாற்றும் இடைவெளி என்ன என்றேன். அந்தப் பையன் அவரைப் பார்த்து, "அண்ணன், இருக்கை விரிப்பு இலவசம்" என்றான். என் வீட்டுக்காரர் பேசாமல் கையை என் பக்கம் காட்டினார். அதற்குப் பிறகுதான் சாவி என் கைக்கு வந்தது.

ஈஜோக் சாலையில் எடுத்துப் போனேன். குலை லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதே எங்கள் பக்கத்தில் எந்தக் காருக்கும் முதல் தேர்வு. இரண்டு வழிச் சாலை, எதிரே எப்போதும் ஒரு மோட்டார்சைக்கிள், லோரியிலிருந்து உதிரும் செம்பனைப் பழம். பழைய சாகாவில் ஏசியை அணைத்துவிட்டு, வேண்டிக்கொண்டு ஏறுவோம். இதில் ஏசி ஓடியபடியே, மூன்று பேர் உள்ளே இருக்க, மிதித்ததும் முன்னே போய்விட்டது. பின் இருக்கையிலிருந்த மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதற்குப் பெயர் பாராட்டு. குழிகளில் உடம்பு அலுங்கவில்லை. மேடு பள்ளத்தைச் சமாளிப்பதில் இந்தக் கம்பெனிக்காரர்களின் கை பழைய நாளிலிருந்தே நல்ல கை.

மாமாவின் ஒரே அச்சம் சிவிடி, அதாவது படிப்படியாகக் கியர் மாறாமல் ஓடும் தானியங்கிக் கியர்பெட்டி. 2016 சாகாவில் சிவிடி வைத்தார்கள். 2019இல் அதை எடுத்துவிட்டு ஹூண்டாயின் நான்கு கியர் தானியங்கியைப் போட்டார்கள். இப்போது மூன்று ரகத்திலும் மறுபடி சிவிடி. "போனவன் ஏன் திரும்பி வருகிறான்?" என்று கேட்டார். இதற்கு என் கணவர் சொன்ன பதில்தான் சரியென்று எனக்குப் படுகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் பெட்டி ஒன்றல்ல; எந்த சிவிடியாக இருந்தாலும் அதற்கு உரிய எண்ணெயை உரிய நேரத்தில் மாற்ற வேண்டும், அதன் எண்ணெயில் காசு மிச்சம் பிடிக்கக்கூடாது. பட்டறைக்கு வருகிற பெரும்பாலான கியர்பெட்டிகளைக் கொன்றது ஓட்டமல்ல, மலிவான எண்ணெய்.

புள்ளிகளைக் கூட்டினோம். சாகா 42, இ.மாஸ் 5உம் 42. டிராஸ் 22, கியூவி-இ 19. கடையே எழுந்து நின்றது. தலைமையாசிரியருக்கு மட்டும் மகிழ்ச்சி தாங்கவில்லை, ஏனென்றால் இதற்கும் அவரிடம் முன்மாதிரி இருந்தது. 2019இல் ஐரோப்பிய விருதில் ஜாகுவார் ஐ-பேஸும் ஆல்பைன் ஏ110உம் ஆளுக்கு 250 புள்ளி வாங்கிச் சமமாக நின்றன. அதிக நடுவர்களின் முதல் தேர்வாக இருந்ததால் மின்சாரக் காரான ஜாகுவாருக்குக் கொடுத்தார்கள். அதே விதியைப் போட்டோம். சாகாவை முதலில் வைத்தவர்கள் மூவர், இ.மாஸ் 5ஐ முதலில் வைத்தவர்கள் இருவர். அங்கே மின்சாரத்தை வெல்ல வைத்த விதி இங்கே பெட்ரோலை வெல்ல வைத்தது. தலைமையாசிரியர் தன் விதியாலேயே தோற்றதை ஏற்றுக்கொண்டார். என் அக்காள் மகள் ஏற்றுக்கொள்ளவில்லை.

அவளுடைய கடைசி வாதத்தை மறைக்காமல் எழுத வேண்டும் என்பது ஒப்பந்தம். "மூன்று பேரில் இரண்டு பேர் பட்டறை வீட்டுக்காரர்கள். மின்சாரக் காருக்கு என்ஜின் எண்ணெய் வேண்டாம், எண்ணெய் வடிகட்டி வேண்டாம், ஸ்பார்க் பிளக் வேண்டாம். சின்னம்மா எதை விற்பார்? தன் வயிற்றுக்குப் புள்ளி போட்டுவிட்டார்."

கடையில் பலத்த கைதட்டல். நான் மறுக்கவில்லை, ஆனால் கணக்கைத் திருத்தினேன். மின்சாரக் காருக்கும் டயர் தேயும், கனம் அதிகம் என்பதால் சீக்கிரமே தேயும். வைப்பர், குளிர்சாதன வடிகட்டி, பிரேக் பேட், 12 வோல்ட் பேட்டரி எல்லாம் அதற்கும் உண்டு. எங்கள் ஊர்ச் சாலையில் லோவர் ஆர்ம் புஷ் தேய்வதற்கு அது பெட்ரோலில் ஓடுகிறதா மின்சாரத்தில் ஓடுகிறதா என்று குழி கேட்பதில்லை. என் அலமாரி காலியாகாது, அம்மா.

இப்போது வாங்க நினைப்பவர்களுக்கு. முன்பணம் குறைவு, இடம் இல்லை, குடும்பம் முழுவதும் ஒரே காடியில் என்றால் சாகா. அதிலும் இரவு நேரத்தில் ஓட்டுகிறவராக இருந்தால், மாதத் தவணை தாங்குமானால், தானே பிரேக் பிடிக்கும் வசதிக்காகவே பிரீமியத்தைப் பாருங்கள். அலாய் சக்கரத்துக்கும் திரைக்கும் மயங்கி அல்ல. சொந்த வீடு, தினமும் ஒரே வழி, தூரம் அதிகம் என்றால் இ.மாஸ் 5. அதன் பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருக்கிறது. என் அக்காள் மகளின் ஓட்டத்துக்கு ஆறரை ஆண்டிலேயே கிலோமீட்டர் முடிந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கேட்காமலே இருக்கை விரிப்பைக் கொடுப்பார்கள். சிவிடி எண்ணெயின் விலையையும் மாற்றும் இடைவெளியையும் நீங்கள்தான் கேட்டு, எழுதி வாங்க வேண்டும்.

என் அக்காள் மகள் இ.மாஸ் 5 பிரீமியத்துக்கு முன்பதிவு செய்துவிட்டாள். அதன் வைப்பர் அளவைக் கேட்டு வாங்கி, இரண்டு ஜோடிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.